நள்ளிரவு முதல் ஐந்து வரை

ஒடாஹுஹுவில் போர்ட்டேஜ் ரோடு என்றொரு தெரு இருக்கிறது. ஆக்லாந்து நிலம் தன் இடுப்பை ஒடுக்கிக்கொள்ளும் இடம் அது. ஒரு பக்கம் தாமாக்கி ஆறு, மறுபக்கம் மனுகாவ் துறைமுகம், நடுவே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தரை. மாவோரிகள் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போகத் தங்கள் தோணிகளை இந்தத் தரைமேல் இழுத்துச் சென்றார்கள். இந்த ஊரில் குடியேறிப் பல வருடங்களாகியும், ரயிலைப் பிடிக்க நடக்கும் காலைகளில் தோணி இழுத்தவர்களின் நினைப்பு எனக்கு வரும். சுற்றிப் போனால் நாள்கணக்கு, குறுக்கே இழுத்தால் ஒரு பொழுது.

போகும் வழியில் ஒரு மதுக்கூடம் உண்டு. அதன் பின்னறையில் இங்கே எல்லோரும் 'போக்கீஸ்' என்று அழைக்கும் சூதாட்ட இயந்திரங்கள். வசதி குறைந்த பேட்டைகளில்தான் இவை அதிகம் என்பது நியூசிலாந்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தென் ஆக்லாந்தில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மதுக்கூட இயந்திரத்தில் ஒரு முறை பொத்தானை அழுத்த இரண்டரை டாலருக்கு மேல் கட்ட முடியாது. 2009 முதல் அரை மணிக்கு ஒருமுறையாவது அது ஆட்டத்தை நிறுத்தி, இவ்வளவு நேரம் ஆடிவிட்டீர்கள், இவ்வளவு போய்விட்டது என்று திரையில் காட்டியாக வேண்டும். ஆட்டக்காரரை இடையில் எழுப்பிவிட சட்டம் இயந்திரத்துக்கே கட்டளையிட்டிருக்கிறது.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் ஒழுங்குமுறைகளைப் படித்தபோது அந்தப் பின்னறை நினைவுக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டில் தொடர்ந்து ஒரு மணி நேரம் ஆடினால் எச்சரிக்கை வர வேண்டும், பிறகு அரை மணிக்கு ஒருமுறை வர வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடவே கூடாது என்று அதில் இருந்தது. மென்பொருள் ஆலோசனை சொல்லிப் பிழைக்கிற நான் இதுபோன்ற விதிகளை வாடிக்கையாளருக்காகப் படிப்பதுண்டு. இதை என் மச்சானுக்காகப் படித்தேன்.

அத்தை மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். லால்குடியில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு ரம்மி கற்றுக் கொடுத்தவர் என் அப்பா. முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு கல்யாண மண்டபத்தின் மாடியில் ஜமக்காளம் விரித்து ஆறேழு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று இந்த இதழின் மூத்த வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்காக: ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு, நடுவே ஒரு ஜோக்கர், சேராத கைக்கு 'ஸ்கூட்', மாட்டிக்கொண்டால் 'ஃபுல்' எண்பது. பைசாவும் புழங்கும். ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஒரு முடிவு இருந்தது. நாலரைக்கு நாயனக்காரர் வந்துவிடுவார். அதற்கு முன்பே யாராவது ஒரு பெரியம்மா மாடி ஏறி வந்து, "எந்திரிங்கடா, குளிக்க வேணாமா?" என்று விளக்கைப் போட்டுவிடுவார். தோற்றவன் முகம் எல்லோருக்கும் தெரியும். அளவு மீறினால் மாமா ஒருவர் சீட்டைக் கலைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

பலர் கூடி ஆடும் ஆட்டமும் அதில் எழும் கோபமும் நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 43ஆம் பாட்டுக்குப் பின்னால் இருப்பதே ஓர் ஆட்டச் சண்டைதான். சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் புலவர் தாமப்பல் கண்ணனாரும் வட்டாடுகிறார்கள். புலவர் வட்டை மறைத்துவைக்க, இளவரசன் அதையே எடுத்து அவர்மேல் எறிகிறான். புலவர் சொன்ன ஒரு சொல்லில் அவன் நாணி நிற்க, பிறகு புலவரே தன் தவறை ஒப்புக்கொள்கிறார். ஏமாற்று, ஆத்திரம், வெட்கம், சமாதானம் எல்லாமே எதிரெதிரே இருவர் உட்கார்ந்திருந்ததால் நடந்தவை. திருக்குறளில் சூது 94ஆம் அதிகாரம். அதற்கு முன்னால் கள்ளுண்ணாமை, பின்னால் மருந்து. வைப்புமுறை உரைகாரர்களுடையதாகவே இருக்கட்டும், எனக்கு அந்த இடம் பொருத்தமாகவே படுகிறது.

சட்டத்துக்கு வந்தால், ரம்மி சூதா இல்லையா என்ற கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1967இல் பதில் சொன்னது. செகந்தராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் காவல்துறை நுழைந்து சீட்டாடியவர்களைப் பிடித்த வழக்கு. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று கணக்கிட வேண்டும், ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டு என்றது தீர்ப்பு. அரை நூற்றாண்டுக்குப் பிறகு இணைய ரம்மி நிறுவனங்கள் தூக்கிப்பிடித்தது இந்த வரியைத்தான். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. மன்றத்தின் சொந்தக்காரர் ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் குற்றம் நிரூபணமாகலாம் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதே தொழிலாக உள்ள செயலிகளுக்கு இது எவ்வளவு பொருந்தும்! அந்தப் பாதியை விளம்பரங்கள் சொன்னதில்லை.

அரசு மட்டும் பரிசுத்தம் என்றும் சொல்ல மாட்டேன். அதற்கு அடுத்த வருடம், 1968இல்தான் தமிழக அரசு தன் பெயரிலேயே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியது. அதை நிறுத்த 2003 ஆனது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கிழிந்த சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கி விளையாடிய தலைமுறை என்னுடையது.

இணையத்தில் பலர் கூடி ஆடும் ஆட்டங்களின் வரலாறு வேறொரு இடத்தில் தொடங்குகிறது. 1978இல் இங்கிலாந்தின் எஸ்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்ற ஆட்டத்தை எழுதினார், ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். பகலில் அந்தக் கணினி பல்கலைக்கழக வேலைகளுக்கு வேண்டும். அதனால் வெளியாட்கள் தொலைபேசி வழியே உள்ளே வர நள்ளிரவுக்குப் பின்தான் அனுமதி. தமிழ்நாடு பின்னாளில் பூட்ட நினைத்த அதே மணிகளில்தான் இந்த உலகம் முதலில் திறந்தது. பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரையில் ஆட்டக்காரர்களைச் சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், பிறரை வீழ்த்த வருபவர் என்று நான்காகப் பிரித்தார். என் துறையில் இன்றும் அது பேசப்படுகிறது.

என்னைக் கேட்டால், எதற்காக ஆடினார்கள் என்பதைவிட எப்படிக் காசு கொடுத்தார்கள் என்பதில்தான் இந்த வரலாறு இருக்கிறது. 1985இல் கம்ப்யூசெர்வ் வலையில் வந்த 'ஐலண்ட் ஆஃப் கெஸ்மாய்' ஆட்டத்துக்கு, மோடத்தின் வேகத்தைப் பொறுத்து, மணிக்கு 6 அல்லது 12 டாலர் கட்டணம். செலவு அதிகம், ஆனால் மீட்டர் ஓடுவது ஆடுபவருக்குத் தெரியும். ஆட்டோவில் உட்கார்ந்தவன் மீட்டரைப் பார்ப்பதுபோல. 1997இல் 'அல்டிமா ஆன்லைன்' மாதச் சந்தாவைப் பரவலாக்கியது. மீட்டர் போய்விட்டது. கட்டிய காசுக்கு எவ்வளவு ஆடினாலும் ஒன்றுதான் என்றானது. பிறகு கொரியாவின் நெக்ஸான் போன்ற நிறுவனங்கள் ஆட்டத்தை இலவசமாக்கி, உள்ளே இருக்கும் பொருள்களை விற்றன. அதன்பின் நுழைவுக்குக் கட்டணமில்லை, வெளியே வரத்தான் மனம் விலை கேட்கிறது. எதை வாங்குகிறோம் என்றே தெரியாமல் பெட்டியை வாங்கித் திறந்து பார்க்கும் முறை அடுத்து வந்தது. 2018இல் பெல்ஜியம் அதில் சிலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

இதில் ஆக்லாந்துக்கும் பங்குண்டு. நகரின் மேற்கே ஹெண்டர்சனில் இருக்கும் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2006இல் தொடங்கி, 2013இல் 'பாத் ஆஃப் எக்ஸைல்' ஆட்டத்தை வெளியிட்டது. இலவசம், தோற்ற அலங்காரங்களும் பொருள் வைக்கும் பெட்டகங்களுமே விற்பனைக்கு. உலகெங்கும் ஆடினார்கள். 2018இல் சீனாவின் டென்சென்ட் அதன் பெரும்பங்கை வாங்கியது. ஒரே வேலையை அரைத்த மாவையே அரைப்பதுபோல் திரும்பத் திரும்பச் செய்து முன்னேறுவதற்கு ஆட்டக்காரர்கள் மொழியில் 'கிரைண்டிங்' என்று பெயர். அதைத் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்ட நேர்மை எனக்குப் பிடிக்கும்.

நானும் அரைத்தவன்தான். 2005இல் முதுகலைப் படிப்புக்காக ஆக்லாந்து வந்தேன். அப்பா நிலத்தின் பேரில் கடன் வாங்கி அனுப்பியிருந்தார். அன்று நான் ஆடியது ஒரு மாதச் சந்தா ஆட்டம், பெயர் வேண்டாம். இருபத்தைந்து பேர் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் அரக்கனை வெல்ல முடியும். அதில் நான் மருத்துவன். அடிபடுகிறவர்களுக்கு உயிர் ஏற்றுவது என் வேலை. பகலில் வகுப்பில் நான் பேசிய ஆங்கிலத்தை எதிரில் இருப்பவர் "மன்னிக்கவும்?" என்று மறுபடி சொல்லச் சொல்வார். மளிகைக் கடையில் பகுதிநேர வேலை, அங்கும் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு, சிட்னியிலும் பெர்த்திலும் வெலிங்டனிலும் இருந்த இருபத்து நான்கு பேர் நான் வரக் காத்திருந்தார்கள். வராவிட்டால் தோற்றுவிடுவார்கள். "இவன் இருந்தால் பயமில்லை" என்று அவர்களில் ஒருவர் எழுதியதைப் பல நாள் நினைத்து மகிழ்ந்திருக்கிறேன். இதன் கவர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் வண்ணத்தையும் ஓசையையும் சொல்வார்கள். எனக்கு அது தேவைப்பட்டவனாக இருப்பதின் கவர்ச்சி. காலை நான்கு மணிக்குப் படுத்து, பதினொன்றுக்கு எழுந்து, ஆய்வேட்டைத் தள்ளிப்போட்டு, ஒரு பருவத்துக்கான கட்டணத்தை இன்னொருமுறை கட்டினேன். "ஆய்வு நீளுதுப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் இன்னொரு கடன் வாங்கினார். ஏன் நீண்டது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியல் 2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறு ஒரு நோயாக இருக்கிறது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டத்தை முன்வைப்பது, கேடு வந்த பிறகும் தொடர்வது ஆகியவை ஏறத்தாழ ஒரு வருடம் இருந்தால் நோய். என் கணக்கு எட்டு மாதம். பட்டியலில் தப்பித்துக்கொண்டேன்.

தென் கொரியா இந்தப் பாதையில் எல்லோருக்கும் முன்னால் போன நாடு. 1997இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தெருவுக்குத் தெரு கணினி அறைகள் முளைத்தன. 2005இல் டேகு நகரில் ஓர் இளைஞர் ஏறத்தாழ ஐம்பது மணி நேரம் தொடர்ந்து 'ஸ்டார்கிராஃப்ட்' ஆடி இறந்துபோனார். 2011இல் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை இணைய ஆட்டங்களில் நுழையத் தடை வந்தது. சிண்டரெல்லா சட்டம் என்று அதை அழைத்தார்கள். பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்தே வருடத்தில் அரசு அதைக் கைவிட முடிவுசெய்தது, 2022இல் அது மறைந்தது.

இந்தியாவில் 2016இன் மலிவான இணையமும் யூபிஐயும் ரம்மியைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தன. 2020 ஊரடங்கு மிச்சத்தைச் செய்தது. கடை மூடிக் கிடந்த அந்த ஏப்ரலில்தான் மச்சான் முதல் ஆட்டத்தை ஆடினான். அதே காலத்தில் நான் அவனுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்பா வீட்டின்மேல் ஒரு மாடி எடுக்க. அவன்தான் மேஸ்திரி, அவன்தான் கணக்கு.

2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டுப் பண ரம்மியைத் தடைசெய்தது. செயலிகள் தமிழ்நாட்டில் கதவடைத்தன. மச்சானும் நிறுத்தினான். உண்மையிலேயே நிறுத்தினான், அவன் வங்கிக் கணக்கைப் பின்னால் நான் வரிவரியாகப் பார்த்தேன். அந்த ஒன்பது மாதங்களில் மாடியின் தூண்கள் எழுந்தன. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. திறமை ஆட்டங்களை முற்றாகத் தடுப்பது அளவுமீறியது என்பது காரணம். சட்டப்படி அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கலாம், நான் வக்கீல் இல்லை. அந்த வாரமே மச்சானின் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. திரும்பி வந்ததற்கு வரவேற்பு, கணக்கில் ஊக்கத்தொகை. தூண்கள் அத்தோடு நின்றன.

2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். மூன்றே வாரத்துக்குள் அறிக்கை வந்தது. அக்டோபரில் அவசரச் சட்டமும் தொடர்ந்து மசோதாவும் வந்தன. மசோதா ஆளுநர் ஆர்.என். ரவியிடம் கிடக்க, நவம்பர் இறுதியில் அவசரச் சட்டம் காலாவதியானது. 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பியனுப்பினார், பேரவை மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. இதற்கு நடுவே, சட்டம் எதுவும் இல்லாத 2022 டிசம்பரில், நான் ஊருக்குப் போனேன்.

வீட்டின்மேல் நான்கு தூண்கள் கம்பியை நீட்டிக்கொண்டு நின்றன. "கம்பி வெல ஏறிப்போச்சு மாப்ள" என்றான். துரு பிடித்திருந்தது. அன்றிரவு அத்தை என்னைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். என் பணத்தில் ஆறு லட்சத்து நாற்பதாயிரம். அத்தை கழுத்தில் சங்கிலி இல்லாததை அப்போதுதான் கவனித்தேன். "நீ படிச்சவன், வெளிநாட்டுல இருக்கறவன். நீ சொன்னா கேப்பான்யா" என்றார்.

மாடியில் அவனோடு உட்கார்ந்தேன். எதிரில் இருப்பவர் யாரென்றே தெரியாது, பேச்சும் கிடையாது, எண்பது புள்ளி போனால் அடுத்த நொடியில் அடுத்த மேசை திறக்கும் என்று சொன்னான். "ஜெயிக்கணும்னுகூட இல்ல மாப்ள. சீட்டு விழுற அந்த நேரத்துல வேற எதுவும் ஞாபகம் இருக்காது." நான் நிகழ்தகவு பற்றிப் பேசினேன். மேசைப் பங்கு எவ்வளவு, நீண்ட நாளில் எவனும் ஜெயிக்க முடியாது என்பதைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவன் தாளைப் பார்க்கவில்லை. "ஒனக்குப் புரியாது. நீ எல்லாம் சரியா செஞ்சவன்" என்றான். அந்த இடத்தில் 2005ஐ நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்குவரை வந்தது. ஆறு லட்சம் கொடுத்தவன் என்ற உயரத்திலிருந்து இறங்க மனமில்லை.

பிறகு நடந்தவற்றை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அதன் அட்டவணையிலிருந்து ரம்மியையும் போக்கரையும் மட்டும் விலக்கியது. நேரம், வயது போன்றவற்றை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்றது. அதற்கு முந்தைய மாதம்தான் ஒன்றிய அரசும் மாநிலங்களும் சேர்ந்து கட்டும் பணத்தின் முழு மதிப்புக்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி வாங்கத் தொடங்கியிருந்தன. 2025இல் ஒழுங்குமுறைகள், நள்ளிரவுத் தடை, ஆதார் சரிபார்ப்பு. ஜூனில் உயர் நீதிமன்றம் இவற்றை ஏற்றது. கொரியாவில் சிறுவர்களுக்குத் தோற்ற நள்ளிரவுத் தடையை இங்கே பெரியவர்களுக்குப் போட்டார்கள். மச்சானிடம் அது வேலை செய்ததா என்றால், பாதி. பதினொன்றே முக்காலுக்கு வெறியோடு ஆடுவான் என்று அத்தை சொன்னார். பன்னிரண்டுக்குச் செல்பேசியை வைத்துவிட்டு முற்றத்தில் நடப்பானாம்.

ஆகஸ்டில் எல்லாம் மாறியது. இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது, 22 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். திறமையா அதிர்ஷ்டமா என்ற அறுபது வருட வழக்கை அது ஒரே தாண்டாகத் தாண்டியது. பணம் வைத்து ஆடும் எந்த இணைய ஆட்டத்தையும் நடத்தக் கூடாது, நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். தமிழகச் சட்டத்தில் ஆடுபவருக்கும் தண்டனை இருந்தது, இதில் ஆடுபவர் குற்றவாளி இல்லை. நாட்டுக்கு வெளியிலிருந்து நடத்தப்படும் செயலிகளை இது எப்படிப் பிடிக்கும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அந்தச் சந்தேகம் தொழில் சார்ந்தது. இங்கே நியூசிலாந்தில் அதே 2025இல் எதிர்த்திசையில் ஒரு மசோதா வந்தது. இணையச் சூதாட்டக் கூடங்கள் பதினைந்து வரை உரிமம் பெற்று வெளிப்படையாக நடக்கட்டும் என்று. என் பதின்மூன்று வயது மகன் செய்தியைப் பார்த்துவிட்டு, "நான் ஆடறது கேம்ப்பா. அது கேம்ப்ளிங்" என்று திருத்தினான். அவன் ஆட்டத்தில் அந்த வாரம்தான் உடைக்கு முப்பது டாலர் கேட்டிருந்தான்.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு, போர்ட்டேஜ் ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது மச்சான் கூப்பிட்டான். லால்குடியில் அப்போது இரவு ஒரு மணி. செயலி மூடிவிட்டதாம். கணக்கில் மிச்சமிருந்த 340 ரூபாயைத் திருப்பிப் போட்டுவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

"தூக்கம் வரல மாப்ள. இந்த நேரத்துக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

குளிரில் கைகள் விறைத்திருந்தன. மதுக்கூடத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை. ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. 2005இல் நான் மருத்துவனாக இருந்த கதையை அவனிடம் சொன்னேன். அப்பாவின் இரண்டாவது கடன்வரை சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாமாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "அந்தக் கடனுக்குத் தவண கட்ட அவரு பேங்குக்குப் போறப்பல்லாம் நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போவேன்" என்றான்.

ரயில் வந்துவிட்டது. நான் ஏறவில்லை, அடுத்ததில் போனேன். இப்போது அவன் அநேகமாக எல்லா இரவும் கூப்பிடுகிறான். அங்கே ஒரு மணி, ஒன்றரை மணி. கம்பி விலை, மின்விசிறி விலை, அத்தையின் முழங்கால். சில நாள் பேச ஒன்றுமே இருப்பதில்லை. இருவரும் ரயில் வரும்வரை இணைப்பில் இருக்கிறோம்.